சோறு போடாத மருமகள்

சில வருஷங்களுக்கு முன் பல் டாக்டரிடம் போயிருந்தபோது, முறை வரும்வரை ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வயதானவர்களுக்கு வரும் மறதி நோய் எப்படிக் கட்டம் கட்டமாக முற்றும் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். ஆரம்பத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்களாம். வைத்த பொருளை மறந்துவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் திருடிவிட்டதாகச் சொல்வார்களாம். காரணமில்லாமல் எரிந்து விழுவார்களாம், எல்லாவற்றிலும் சந்தேகப்படுவார்களாம். படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என்னை முறைத்துப் பார்த்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? இதுதான் நோயின் ஆரம்பம் என்றால், எண்பதுகளில் மதுரையில் நாங்கள் குடியிருந்த தெருவில் அத்தனை மாமியார்களுக்கும் அந்த நோய் இருந்தது. என் மாமியாருக்கு நிஜமாகவே வந்தபோது யாருக்கும் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். நோய் எது, மாமியார்தனம் எது என்று பிரித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது. எனக்கும் தெரியவில்லை. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் இருந்தார், கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அத்தை எழுமலைக்காரர். மாமனார் காலமானதும் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒற்றை மகன் வீடு என்று எங்களோடு வந்து இருந்தார். என் கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. அவருக்கு ஒரு அக்கா உண்டு, பேரையூரில் வாழ்க்கைப்பட்டவர், எனக்கு மதினி. நான் அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் வாடகை வீட்டோடு ஒட்டி வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ரகசியம் என்ற ஒன்றை அந்த வரிசைக்காரர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

கருவாட்டுக் குழம்பு அத்தையின் ராஜ்ஜியம். அதை அவர் வைக்கும் நாளில் என்னை அடுப்பங்கரைக்குள் விடமாட்டார். அவர் கையால் வைத்தால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கூடக் கிண்ணத்தோடு வருவார். அந்தக் குழம்பில் ஒருநாள் புளியே இல்லை.

"புளிய எங்கடி ஒளிச்சு வச்ச?" என்று என்னிடம் பாய்ந்தார்.

புளி அவர் கைக்கு எட்டும் இடத்தில், எப்போதும் இருக்கும் ஜாடியில்தான் இருந்தது. அடுத்த முறை உப்பு இரண்டு தடவை விழுந்தது. அதற்கடுத்த முறை அடுப்பில் சட்டி காய்ந்து புகைய, அத்தை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் சட்டென்று எழுந்து, "உன்னால எனக்குக் கைவேல ஓட மாட்டேங்குது" என்றார். என் கணவர் எதைப் போட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது, "இன்னைக்கு நீ வச்சியா?" என்று மட்டும் கேட்பார். ஒரு குழம்பு கெட்டுப் போனால் அதை நான்தான் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு.

அத்தையின் வெற்றிலைச் சுருக்குப்பை காணாமல் போக ஆரம்பித்தது. தேடினால் அரிசிப் பானைக்குள் கிடக்கும், இல்லையென்றால் தலையணை உறைக்குள். கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால், வாசலில் நின்று அடுத்த வீட்டு அக்காவிடம், "எடுத்தவளே கொண்டாந்து குடுத்துட்டா. நல்ல மனசு" என்று சான்றிதழ் வழங்குவார்.

பிறகு பஸ் விவகாரம். பேரையூருக்குத் தனியாகப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பழக்கம். எந்த பஸ்ஸில் சன்னலோரம் காற்று நன்றாக வரும் என்பதுவரை தெரியும். அப்படிக் கிளம்பியவர் ஒருநாள் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். எழுமலைக்காரரான ஒரு கண்டக்டர் அடையாளம் கண்டு, திரும்பி வரும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். "ஆத்தா எங்க போறேன்னே தெரியாம உக்காந்திருந்துச்சுண்ணே" என்று அவர் என் கணவரிடம் சொன்னதை வரிசை முழுக்கக் கேட்டது. ஆனால் வரிசை முழுக்கப் பேசியது வேறு. மருமகள் அடித்து விரட்டியதில் பாவம் அந்தக் கிழவி போக்கிடம் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் கிடந்தாளாம்.

இதெல்லாம் முன்னுரை. சோற்றுக் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

மதியம் நான் தட்டு நிறையச் சோறு போடுவேன். அத்தை நன்றாகச் சாப்பிடுவார், மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார், ஏப்பம் விடுவார். கையில் ஈரம் காய்வதற்குள் அடுத்த வீட்டு வாசலில் நிற்பார்.

"ஏத்தா, ஒரு வாய் சோறு இருக்குமா? நேத்துப் பொழுதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல."

அடுத்த வீட்டு அக்காவுக்கு இரக்க சுபாவம். அதைவிட, இரக்கப்பட்டதை நாலு பேரிடம் சொல்லும் சுபாவம் அதிகம். அவர் போடுவார். அதையும் அத்தை சாப்பிட்டு முடிப்பார். ஒரு வயிற்றுக்கு இரண்டு வீட்டுச் சோறு போனதில் அத்தைக்கு உடம்பு நன்றாகத் தேறி, கன்னம் உப்பிவிட்டது. இனியாவது புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு ஒரு நிம்மதி. அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "பட்டினி கெடந்தா உடம்பு இப்படித்தான் ஊதுமாம். எங்க சின்னம்மாவுக்கும் இப்படித்தான் ஊதுச்சு."

அத்தையை வாசற்படியில் உட்காரவைத்து, தெரு பார்க்கச் சோறு போட்டுப் பார்த்தேன். அதற்கும் வரிசையிலிருந்து பதில் வந்தது. "பாரு, ஊருக்குக் காட்டணும்னா மட்டும் தட்டு நெறைஞ்சிருது."

என் கணவரிடம் சொன்னால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்னத்தச் சொல்ல?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் என்றைக்கும் நின்றதில்லை. கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

பேச்சு பேச்சாகவே இருந்திருந்தால் நானும் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரு தங்கை கல்யாணத்துக்கு இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்து, பூ வைக்கிற வரைக்கும் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் தெருவுக்கு வந்து நாலு வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். அதோடு சரி. மாமியாருக்குச் சோறு போடாதவளின் தங்கையை எப்படி எடுப்பது என்று சொல்லி அனுப்பினார்கள். என் அம்மா வந்து, ஒன்றும் கேட்காமல், என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மாவும் அதை நம்பிவிட்டாரோ என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரே ஒரு ஆள், நாலு பேர் முன்னால், "இவள் சோறு போட்டாள்" என்று சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார். சாப்பிட்டதையே மறந்துவிடுகிறார், மறுபடி மறுபடி சோறு கேட்கிறார் என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பசி எடுப்பதற்கான டானிக்.

டானிக் பாட்டில் பாதி தீருவதற்குள் மதினி பேரையூரிலிருந்து வந்து இறங்கினார். கூடவே சொந்தத்தில் பெரிய மனிதர் ஒருவர், என் கணவருக்குப் பெரியப்பா முறை. எந்தக் குடும்பத்தில் தகராறு என்றாலும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக இருப்பவர். மதினி உள்ளே நுழைந்ததும் அத்தையைக் கட்டிக்கொண்டு, "எங்காத்தா, சோத்துக்கா அலையுற நீயி?" என்று ஆரம்பித்தார். அத்தையும் உடனே, "ஆமா தாயி, பசிக்குது" என்றார். அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வழக்குக்கு வக்கீல் தேவையில்லை. சூடம் போதும். குலசாமி கருப்பன் முன்னால் சூடம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் சாமி கண்ணைப் பிடுங்கிவிடும், குலம் விளங்காது. பெரியப்பா தீர்ப்பு சொன்னார்: "நான் சோறு போட்டேன்னு இவ அணைக்கட்டும். போடலேன்னு அவ அணைக்கட்டும். மிச்சத்தக் கருப்பன் பாத்துக்கிருவான்." இரண்டு பேருமே சத்தியம் செய்துவிட்டால் கருப்பன் எந்தப் பக்கம் சாய்வான் என்று நான் கேட்டேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறேன் என்று இன்னொரு குற்றமும் சேர்ந்துகொண்டது.

எழுமலைக்குப் போனோம். கோவில் ஊருக்கு வெளியே, வெயிலில் பொட்டல்காட்டுக்கு நடுவே இருக்கிறது. வேடிக்கை பார்க்க அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிவைத்தார். நான், "கருப்பா, இவங்களுக்கு நான் ஒருநாளும் சோறு போடாம இருந்ததில்ல" என்று சொல்லி உள்ளங்கையை வைத்து அணைத்தேன். சுள்ளென்று சுட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்தது அத்தையின் முறை. பூசாரி தட்டில் புதிதாக ஒரு சூடம் வைத்து, தீப்பெட்டியை இடுப்பில் தேடினார். அந்த இடைவெளியில் அத்தை தட்டைக் குனிந்து பார்த்தார். வெள்ளையாக, சின்னதாக ஒன்று. கற்கண்டு என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் 'ஆ' என்று நின்றது. பெரியப்பா நின்றார், பூசாரி நின்றார், பெற்ற மகளும் நின்றார். நான் பாய்ந்து அத்தையின் தாடையைப் பிடித்து, விரலை உள்ளே விட்டுத் தோண்டி எடுத்தேன். அத்தை என் விரலை நன்றாகக் கடித்தார். ரத்தம் வந்தது. விட்டால் விழுங்கிவிடுவார் என்ற பயத்தில் வலி தெரியவில்லை.

சரி, இப்போதாவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இது மாமியார் மருமகள் சண்டை இல்லை, இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து மதினியை நிமிர்ந்து பார்த்தேன். மதினி தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பாத்தீகளா அய்யா! பசிக் கொடுமையில சூடத்தையே திங்கிறா எங்காத்தா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் உச்சுக் கொட்டியது. பெரியப்பா தலையசைத்தார். நான் அணைத்த சூடத்தையும் சுட்டுப் போன என் உள்ளங்கையையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தையைப் பேரையூருக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடுவதாக மதினி அங்கேயே அறிவித்தார். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மதினியின் தர்ம சத்திரம் அதிக நாள் ஓடவில்லை. அத்தை பேரையூரில் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய், "என் மக சோறு போட மாட்டேங்குறா" என்று சொல்லியிருக்கிறார். ஒரு காலையில் மதினி வந்து அத்தையையும் துணிப்பையையும் எங்கள் வாசலில் இறக்கினார். நான் துணிப்பையை உள்ளே எடுத்து வைத்தேன். அவர்தான் பேசினார்: "அதுக்கு உங்க வீட்டுத் தண்ணிதான் ஒத்துக்கிருது. நான் வாரேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு." தங்கச்சிக்குக் கடைசியில் திண்டுக்கல் தாண்டி இடம் அமைந்தது. எங்கள் பெருமை அதுவரை எட்டவில்லை.

அதன் பிறகு அத்தை வேகமாக இறங்கினார். எழுமலைப் பக்கத்து வழக்கப்படி பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுகிறவர். கண்ணாடி பார்க்காமல், பேச்சை நிறுத்தாமல் கட்டி முடிப்பார். ஒரு காலையில் சேலையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவர் கைக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு சேலைக்கு மேல் இன்னொன்றைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு நான்தான் கட்டிவிட்டேன். தண்ணீரைக் கண்டால் பயம் வந்துவிட்டது. தலையில் ஒரு செம்பு ஊற்றினால் கொலை செய்வதுபோல அலறுவார். அந்த அலறலுக்கும் வரிசையில் விளக்கம் சொன்னார்கள். பிறகு வெளிக்கு எங்கே போவது என்பது மறந்தது. பிறகு, வருகிறது என்பதே தெரியாமல் போனது. பழைய வேட்டிகளைக் கிழித்துக் கட்டினேன், அலசினேன், காயப்போட்டேன். சோறு போடுகிறேனா என்று எட்டிப் பார்க்க வந்த ஒருத்திகூட, சேலை அலசுவதைப் பார்க்க வரவில்லை. அடுத்த வீட்டு அக்கா தன் பக்கத்து சன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில் புதிதாக டி.வி. வேறு வாங்கியிருந்தார்கள், இரக்கப்பட நேரமில்லை.

பேச்சும் உதிர்ந்தது. முதலில் பேர்கள் போயின. மகனைப் பார்த்து "யாரு இந்த ஆளு, அடிக்கடி வந்து சாப்ட்டுட்டுப் போறாரு?" என்று என்னிடம் கேட்டார். வாழ்நாளில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான். பிறகு வசைகள் போயின. என்னைத் திட்ட அவரிடம் எவ்வளவு சொற்கள் இருந்தன, அத்தனையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வாய்க்கு வாய் சண்டை போட்டவர் இப்படிக் காலியாகிப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திட்டமாட்டாரா என்று ஏங்கிய மருமகள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் மிஞ்சியது இரண்டு சொல். ஒன்று சோறு. இன்னொன்று ஆத்தா. அது நான்தான். என்னைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, அவர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த இரண்டு சொல்லும் நின்றபோது நடையும் நின்றது. உட்காரவைத்தால் சாய்ந்தார். சிரிப்பு நின்றது. விழுங்குவதும் மறந்துபோனது. குழைத்த சோற்றை வாயில் வைத்தால் அப்படியே வைத்திருப்பார். கீழுதட்டை விரலால் தொட்டு, தாடைக்கு அடியில் மெல்லத் தடவிவிட்டால் வாய் திறக்கும், தொண்டை இறங்கும். நானாகக் கண்டுபிடித்த வித்தை அது. ஒரு கிண்ணம் கஞ்சி இறங்க ஒரு காலைப்பொழுது போய்விடும்.

ஒருநாள் மூச்சு மாறியது. சொல்லி அனுப்பினோம். எல்லோரும் வந்தார்கள், பெரியப்பா உட்பட. உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் பால் ஊற்றுவது வழக்கம். பெற்ற பிள்ளைகள் கையால் குடித்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடும் என்பார்கள். முதலில் மதினி ஊற்றினார். அத்தையின் பல் கிட்டிக் கிடந்தது. பால் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. என் கணவர் ஊற்றினார். அதுவும் வழிந்தது. பேரையூர்க்காரர்கள், எழுமலைக்காரர்கள், ஒருவர் கைக்கும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா சுற்றிப் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல், "மருமக ஊத்தட்டும்" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழுதட்டைத் தொட்டேன், தாடைக்கு அடியில் தடவினேன். அத்தை வாயைத் திறந்தார். சங்கில் இருந்த பாலை விட்டேன். தொண்டை இறங்கியது. இன்னொரு சங்கு விட்டேன், அதுவும் இறங்கியது. வீடே பார்த்துக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அத்தை போய்விட்டார்.

இத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இனி யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். மதினி என்னையே பார்த்தபடி எழுந்து நின்றார்.

"பாத்தீகளா? பெத்த மக ஊத்துனா வாங்கல, இவ கைக்கு வாயத் தொறக்குது. இத்தன வருசமா சோத்துல மருந்து வச்சுல்ல போட்டுருக்கா! அம்புட்டுச் சோத்துலயும் மருந்து! அதான் எங்காத்தா புத்தி பெரண்டு போச்சு!"

வசிய மருந்து. கூட்டத்தில் பலர், இப்போது எல்லாம் விளங்கிவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினார்கள். அடுத்த வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். சாவு வீட்டில், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாய்விட்டுச் சிரித்தேன். மருமகளுக்கும் புத்தி பிரண்டுவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"அப்ப, சோறு போட்டேன்ல மதினி?" என்று கேட்டேன்.

ஊரும் உறவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தன. நான் அத்தையின் வாயைத் துடைத்துவிட்டு அழ ஆரம்பித்தேன்.